ஜெயச்சாமராஜேந்திர உடையாரும் பிரித்தானிய செவ்வியல் இசையும்

ஜெயச்சாமராஜேந்திர உடையார் (ஜூலை 18, 1919 – செப்டம்பர் 23, 1974) மைசூர் இராச்சியத்தை ஆண்ட கடைசி மன்னர் ஆவார். கருநாடக இசையில் 94 கீர்த்தனைகளை இயற்றிய வாக்கேயக்காரராக இவர் தென்னிந்தியாவில் அறியப்படுகிறார். 1940களின் பிற்பகுதியில் இலண்டனின் மேற்கத்திய செவ்வியல் இசைக்கு இவர் பெரும் புரவலராகவும் விளங்கினார். பில்ஆர்மோனியா கச்சேரிக் கழகத்தின் முதல் தலைவராக 1948இல் இருந்தவர் இவரே. உருசிய இசையமைப்பாளர் நிக்கோலாய் மெத்னரின் படைப்புகள் அவரது சொந்த வாசிப்பில் இசைத்தட்டுகளாகப் பதிவு செய்யப்பட்டதும், ரிச்சர்ட் ஸ்ட்ராசின் "நான்கு இறுதிப் பாடல்கள்" 1950இல் இலண்டனில் அரங்கேறியதும் இவரது பொருளுதவியால் நிகழ்ந்தவையாகும்.

பிரித்தானிய இசை வரலாற்றில் அரச குடும்பத்தினரின் ஆதரவு நெடுங்காலமாக முக்கிய இடம் பெற்று வந்துள்ளது. ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிதியின்றித் தவித்த ஓர் இலண்டன் இசைக்குழுவுக்குக் கைகொடுத்த மன்னர், பிரித்தானியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த ஓர் இந்தியச் சமத்தானத்தைச் சேர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

பின்னணி: பிரித்தானிய முடியாட்சியும் இசையும்

இங்கிலாந்தில் செவ்வியல் இசை வளர்ந்த இடங்களுள் அரசவையும் அரச தேவாலயமும் முதன்மையானவை. 1575ஆம் ஆண்டில் முதலாம் எலிசபெத் அரசி, தாமசு தாலிசு, வில்லியம் பேர்டு ஆகிய இரு இசையமைப்பாளர்களுக்கு இசைநூல்களை அச்சிடும் தனியுரிமையை வழங்கினார். 1626இல் முதலாம் சார்லசு மன்னரின் காலத்தில் "அரசரின் இசைத் தலைவர்" என்னும் பதவி உருவானது. நிக்கோலசு லானியர் அப்பதவியை வகித்த முதலாமவர். இப்பதவி இன்றும் நீடிக்கிறது. 2024ஆம் ஆண்டில் எரலின் வாலன் இப்பதவிக்கு நியமிக்கப்பட்டார்.

செருமனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஹேண்டல், முதலாம் சார்ச்சு மன்னரின் படகு உலாவுக்காக 1717இல் "நீர் இசை" என்ற படைப்பை வழங்கினார். 1727இல் இரண்டாம் சார்ச்சின் முடிசூட்டு விழாவுக்காக அவர் அமைத்த "சாடாக் எனும் குரு" என்ற பாடல், அதன் பின்னர் நடந்த எல்லாப் பிரித்தானிய முடிசூட்டு விழாக்களிலும் பாடப்பட்டு வருகிறது. 2023 மே 6 அன்று மூன்றாம் சார்லசு முடிசூடியபோதும் அது ஒலித்தது.

இவ்வகை இசையில் இந்தியாவும் கருப்பொருளாகியுள்ளது. ஐந்தாம் சார்ச்சு மன்னர் 1911 டிசம்பரில் தில்லியில் நடத்திய தர்பாரைக் கொண்டாடும் வகையில் எட்வர்டு எல்கர் "இந்தியாவின் மணிமுடி" என்ற மேடைப் படைப்புக்கு இசையமைத்தார். அது 1912 மார்ச்சில் இலண்டனில் நிகழ்த்தப்பட்டது. தலைநகர் என்னும் பெருமைக்காகக் கல்கத்தாவும் தில்லியும் வழக்காடுவதாக அதில் காட்சி அமைந்திருந்தது. எல்கர் 1924 முதல் 1934இல் இறக்கும் வரை அரசரின் இசைத் தலைவராகவும் இருந்தார்.

இருபதாம் நூற்றாண்டில் அரச குடும்பத்தின் பங்கு பெரும்பாலும் பட்டங்கள், பட்டயங்கள், காப்பாளர் பதவிகள், விழாக்களுக்கான இசை என்ற அளவில் அமைந்தது. ஓர் இசைக்குழுவின் அன்றாடச் செலவை ஏற்கும் புரவலர்களாகச் செல்வந்தர்களும் இசைத்தட்டு நிறுவனங்களும் இருந்தனர். 1946 முதல் அரசு நிதியில் இயங்கும் கலை மன்றமும் இவர்களோடு சேர்ந்துகொண்டது.

தென்னிந்திய அரசவைகளில் மேற்கத்திய இசை

தஞ்சாவூர்

மேற்கத்திய இசையை வரவேற்ற தென்னிந்திய அரசவைகளுள் தஞ்சை மராத்திய அரசவை முன்னோடியாகும். இரண்டாம் சரபோசி மன்னர் (ஆட்சிக்காலம் 1798–1832) செருமானிய மறைப்பணியாளர் சுவார்ட்சின் பராமரிப்பில் கல்வி கற்றவர். மேற்கத்தியக் கருவிகளைக் கொண்ட இசைக்குழு ஒன்று அவரது அரண்மனையில் இயங்கியது. மேற்கத்திய இசைநூல்களின் தொகுப்பு சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளது.

இதே காலத்தில் வாழ்ந்த முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835), சென்னை புனித சார்ச்சு கோட்டையில் ஆங்கிலேயர்களின் வாத்தியக்குழு இசைத்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமசுகிருதத்தில் பாடல்கள் புனைந்தார். சங்கராபரண இராகத்தில் அமைந்த இவை "நோட்டுசுரம்" எனப்படுகின்றன. இவற்றுள் "சந்ததம் பாஹி மாம்" என்று தொடங்கும் பாடல், பிரித்தானிய அரசரை வாழ்த்தும் நாட்டுப்பண்ணின் மெட்டில் அமைந்தது. இலண்டனில் 1745இல் மேடையேறிப் புகழ் பெற்ற அந்த மெட்டு, தீட்சிதரிடம் தேவி சியாமளையைப் போற்றும் பாடலாயிற்று. அவரது தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று அதனைக் கருநாடக இசைக்கு ஏற்றவாறு கையாண்டார். பின்னர் அவர் எட்டயபுரம் அரசவைக் கலைஞரானார்.

திருவிதாங்கூர்

தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவையில் வயலின் வாசித்தார். 1834இல் மன்னர் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். இன்று கருநாடக இசைக் கச்சேரியில் தவிர்க்க இயலாத பக்கவாத்தியமாக வயலின் விளங்குவதற்கு இவ்விரு அரசவைக் கலைஞர்களும் முக்கியக் காரணமாவர்.

மைசூர்

மைசூர் அரண்மனையில் கருநாடக வாத்தியக்குழு, ஆங்கில வாத்தியக்குழு என இரு வகைக் குழுக்கள் பராமரிக்கப்பட்டன. பசவப்ப சாத்திரி இயற்றிய "காயௌ ஸ்ரீ கௌரி" என்னும் வாழ்த்துப்பாடல் மைசூர் சமத்தானத்தின் நாட்டுப்பண்ணாக விளங்கியது. ஜெயச்சாமராஜேந்திரரின் பெரியப்பாவான நான்காம் (நால்வடி) கிருஷ்ணராஜ உடையார் வீணை, வயலின் முதலியவற்றோடு பியானோ போன்ற மேற்கத்தியக் கருவிகளையும் வாசிக்கக் கற்றவர். அவரது காலத்தில் ஆட்டோ சிமிட் என்னும் செருமானியர் அரண்மனை இசைக்குழுவை நடத்தினார். வீணை சேசண்ணா, மைசூர் வாசுதேவாச்சார், முத்தையா பாகவதர் போன்ற கருநாடக இசைக் கலைஞர்களும் இதே அவையை அலங்கரித்தனர்.

இளமையும் இசைக்கல்வியும்

ஜெயச்சாமராஜேந்திரர், யுவராஜா கண்டீரவ நரசிம்மராஜ உடையாரின் மகனாகப் பிறந்தார். இவரும் இவரது சகோதரியான விஜயா தேவியும் இளமையிலேயே பியானோ பயின்றனர். 1938இல் மைசூர் மகாராஜா கல்லூரியில் பட்டம் பெற்ற இவர், 1939இல் ஐரோப்பாவில் பயணம் செய்தார். அப்போது இலண்டனில் பல கலைஞர்களோடும் அறிஞர்களோடும் இவருக்குத் தொடர்பு ஏற்பட்டது.

கச்சேரி மேடைகளில் வாசிக்கும் பியானோ கலைஞராக வேண்டும் என்பதே இளவரசரின் விருப்பமாக இருந்தது. 1940ஆம் ஆண்டு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அவ்வாண்டு மார்ச்சில் தந்தையாரும், ஆகஸ்டில் மன்னராயிருந்த பெரியப்பாவும் காலமாயினர். செப்டம்பரில், 21ஆம் வயதில், ஜெயச்சாமராஜேந்திரர் அரியணை ஏறினார்.

எனினும் இசைப் பயிற்சியை அவர் கைவிடவில்லை. இலண்டன் கில்ட்ஹால் இசைப்பள்ளியின் உரிமப் பட்டத்தைப் பெற்றார். இலண்டன் டிரினிட்டி இசைக்கல்லூரி 1945இல் அவரைத் தனது மதிப்புறு உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. தாம் மேடையேற இயலாத நிலையில், மற்றவர்களின் இசை கேட்கப்படுவதற்கு வழி செய்வதில் அவர் நாட்டம் கொண்டார். அவரது இசைத்தட்டுத் தொகுப்பில் ஏறத்தாழ 20,000 தட்டுகள் இருந்ததாக மதிப்பிடப்படுகிறது.

நிக்கோலாய் மெத்னர்

மெத்னரின் நிலை

நிக்கோலாய் மெத்னர் 1880இல் மாஸ்கோவில் பிறந்தவர். பியானோ கலைஞராகவும் இசையமைப்பாளராகவும் விளங்கிய இவர், செர்கேய் ராக்மானினோவின் நெருங்கிய நண்பர். ராக்மானினோவ் தமது நான்காம் பியானோ கன்செர்ட்டோவை மெத்னருக்கும், மெத்னர் தமது இரண்டாம் கன்செர்ட்டோவை ராக்மானினோவுக்கும் காணிக்கையாக்கினர்.

உருசியப் புரட்சிக்குப் பின் 1921இல் மெத்னர் நாட்டை விட்டு வெளியேறினார். செருமனியிலும் பிரான்சிலும் வாழ்ந்த பின்னர் 1930களின் நடுப்பகுதியில் இலண்டனில் குடியேறினார். புதிய இசைப்போக்குகள் ஓங்கியிருந்த காலத்தில் பழைய மரபைச் சார்ந்த அவரது இசைக்குப் பெரிய வரவேற்பு இல்லை. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் செருமானியப் பதிப்பகங்களிலிருந்து வந்துகொண்டிருந்த வருவாயும் நின்றுபோனது. அவரது மாணவியான ஆங்கிலப் பியானோ கலைஞர் எட்னா ஐல்சின் குடும்பத்தார் போர்க்காலத்தில் மெத்னர் தம்பதியருக்கு அடைக்கலம் அளித்தனர். 1942இல் மெத்னருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. இந்நிலையிலும் அவர் தமது மூன்றாம் பியானோ கன்செர்ட்டோவை எழுதி முடித்தார். 1944இல் இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அது அரங்கேறியபோது பியானோ வாசித்தவர் மெத்னரே ஆவார்.

அக்கால இசைத்தட்டு முறை

மன்னர் அளித்த உதவியின் தன்மையை அறிய அக்கால ஒலிப்பதிவு முறையை அறிதல் வேண்டும். 1940களில் பிரித்தானியாவில் வெளியான இசைத்தட்டுகள் நிமிடத்துக்கு 78 முறை சுழல்பவை. 12 அங்குல விட்டமுடைய தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு முதல் ஐந்து நிமிட இசை மட்டுமே அடங்கும். எனவே அரை மணி நேரத்துக்கு மேல் நீளும் ஒரு கன்செர்ட்டோவைப் பதிவதற்கு எட்டுப் பக்கங்கள், அதாவது நான்கு தட்டுகள் அளவுக்குத் தேவைப்படும். ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே பிழையின்றி வாசிக்கப்பட வேண்டும். பதிவான தட்டின் இடையே வெட்டி ஒட்டித் திருத்த வழியில்லை. முழு இசைக்குழுவின் ஊதியம், அரங்க வாடகை, அச்சுவார்ப்புச் செலவு ஆகியன இதனுடன் சேரும்.

இதனால் அதிகம் விற்பனையாகாத இசையைப் பதிவு செய்ய நிறுவனங்கள் தயங்கின. எச்.எம்.வி. நிறுவனத்தில் பணியாற்றிய வால்ட்டர் லெக் 1930களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு தீர்வு கண்டார். ஓர் இசையமைப்பாளரின் பெயரில் "கழகம்" ஒன்றை அறிவித்து, முன்கூட்டியே பணம் செலுத்தும் சந்தாதாரர்கள் போதிய அளவு சேர்ந்த பிறகே பதிவைத் தொடங்குவது அம்முறையாகும். ஹூகோ வோல்ஃப் கழகம் 1931இல் இவ்வாறு அமைந்தது. மெத்னருக்கு இம்முறையும் பயன்படவில்லை. அவருக்குப் போதிய சந்தாதாரர்கள் கிடைக்கும் வாய்ப்பு இருக்கவில்லை.

மெத்னர் கழகம்

மைசூர் மன்னர் மெத்னரின் இசையில் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார். போர் முடிந்த பின் தமது தூதர் வழியாக இலண்டனில் தொடர்பு கொண்டு, மெத்னரின் படைப்புகளைப் பதிவு செய்வதற்கான செலவைத் தாமே ஏற்பதாகத் தெரிவித்தார். இதன் விளைவாக "மெத்னர் கழகம்" உருவானது. சந்தாதாரர்கள் பலர் சேர்ந்து சுமக்க வேண்டிய செலவை இங்கு ஒருவரே சுமந்தார்.

1947இல் மெத்னரின் மூன்று பியானோ கன்செர்ட்டோக்களும் பில்ஆர்மோனியா இசைக்குழுவுடன் பதிவு செய்யப்பட்டன. முதலாவதற்கு சார்ச்சு வெல்டனும், மற்ற இரண்டிற்கும் இசாய் டோப்ரோவனும் குழுவை நடத்தினர். மூன்றிலும் பியானோ வாசித்தவர் மெத்னர். பியானோவுக்கான தனிப்படைப்புகள், அறையிசைப் படைப்புகள், பாடல்கள் ஆகியனவும் தொடர்ந்து பதிவாயின. எலிசபெத் சுவார்ட்ஸ்காப் 1950இல் மெத்னரின் பியானோ வாசிப்புடன் அவரது பாடல்கள் சிலவற்றைப் பாடிப் பதிவு செய்தார்.

பதிவு தொடங்கியபோது மெத்னருக்கு வயது 67. இதயநோயின் காரணமாக இடையிடையே ஓய்வெடுத்தே அவரால் வாசிக்க முடிந்தது. 1951 நவம்பர் 13 அன்று அவர் இலண்டனில் காலமானார். மன்னரின் முன்வருகை சில ஆண்டுகள் தாமதமாகியிருந்தால், மெத்னரின் பெரும் படைப்புகள் அவரது சொந்த வாசிப்பில் எஞ்சியிருக்கமாட்டா. தமது மூன்றாம் பியானோ கன்செர்ட்டோவை மெத்னர் நன்றியறிதலுடன் மைசூர் மன்னருக்குக் காணிக்கையாக்கினார்.

இத்தட்டுகள் வெளியான சில ஆண்டுகளிலேயே நெடுநேரம் ஓடும் புதுவகைத் தட்டுகள் பிரித்தானியச் சந்தைக்கு வந்தன. எச்.எம்.வி.யின் உரிமை நிறுவனமான இ.எம்.ஐ. 1952இல் அவற்றை அறிமுகப்படுத்தியது. 78 சுழற்சித் தட்டுகள் வழக்கொழிந்ததால் மெத்னரின் பதிவுகளும் நெடுங்காலம் கிடைப்பதற்கு அரியனவாயின. 1990களில் அவை குறுந்தட்டுகளாக மறுவெளியீடு கண்ட பின்னர், மெத்னரின் இசையை வாசிக்க விரும்பும் புதிய தலைமுறைக் கலைஞர்களுக்கு அவை முதன்மைச் சான்றாக விளங்குகின்றன.

பில்ஆர்மோனியா இசைக்குழு

பில்ஆர்மோனியா இசைக்குழுவை வால்ட்டர் லெக் 1945இல் தொடங்கினார். அதன் முதல் கச்சேரி 1945 அக்டோபர் 27 அன்று இலண்டன் கிங்ஸ்வே மண்டபத்தில் தாமசு பீச்சமின் தலைமையில் நடைபெற்றது. முதன்மையாக ஒலிப்பதிவுகளுக்காகவே அமைந்த இக்குழுவில் போரிலிருந்து திரும்பிய சிறந்த இளங்கலைஞர்கள் பலர் இடம்பெற்றனர். கொம்பு வாத்தியக் கலைஞர் டெனிஸ் பிரெயின் அவர்களுள் ஒருவர். கலைஞர்கள் திறமையானவர்களாக இருந்தும் குழுவுக்கு நிலையான நிதி இருக்கவில்லை.

மன்னரின் அழைப்பின் பேரில் லெக் மைசூருக்கு வந்து சில வாரங்கள் தங்கினார். அரண்மனையில் இருந்த இசைத்தட்டு நூலகம், பல வகை ஒலிபெருக்கிகள், கச்சேரிக்குரிய பெரிய பியானோக்கள் ஆகியவற்றைக் கண்டு வியந்ததாக அவர் பின்னாளில் எழுதினார். முப்பது வயதைக்கூட எட்டாத மன்னரின் இசையறிவும் அவரைக் கவர்ந்தது. லெக்கின் நினைவுக்குறிப்பின்படி, மெத்னர் பதிவுகளுக்கான செலவுடன், பில்ஆர்மோனியா இசைக்குழுவையும் கச்சேரிக் கழகத்தையும் உறுதியான நிலையில் நிறுத்துவதற்காக ஆண்டுக்கு 10,000 பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்கு வழங்க மன்னர் ஒப்புக்கொண்டார்.

1948இல் மன்னர் பில்ஆர்மோனியா கச்சேரிக் கழகத்தின் முதல் தலைவரானார். எர்பர்ட் வான் கராயன் இக்குழுவுடன் பணியாற்றத் தொடங்கியதும் அதே ஆண்டிலாகும். பரவலாக அறியப்படாத படைப்புகளை இசைத்தட்டுகளில் கேட்க வேண்டும் என்பது மன்னரின் விருப்பம். அவரது ஆதரவின் பயனாகப் பலாகிரேவின் முதலாம் சிம்பொனி, ஆல்பர்ட் ரூசெலின் நான்காம் சிம்பொனி ஆகியவற்றைக் கராயன் 1949இல் பதிவு செய்தார். விற்பனையை மட்டுமே கருதும் நிறுவனம் ஒன்று அக்காலத்தில் எளிதில் தேர்ந்திருக்கக்கூடிய படைப்புகள் அல்ல இவை.

நான்கு இறுதிப் பாடல்கள்

செருமானிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், 1948ஆம் ஆண்டில் தமது 84ஆம் வயதில், பெண் குரலுக்கும் சேர்ந்திசைக் குழுவுக்குமாக நான்கு பாடல்களை அமைத்தார். இவற்றுள் மூன்று ஹெர்மன் ஹெசேயின் கவிதைகள். நான்காவது ஐக்கென்டார்ஃபின் கவிதை. முதுமை, ஓய்வு, மரணம் ஆகியவற்றை அமைதியுடன் எதிர்கொள்வது இவற்றின் பொருளாகும். நோர்வே நாட்டுப் பாடகி கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட் இவற்றை முதலில் பாட வேண்டும் என ஸ்ட்ராஸ் விரும்பினார். ஆயினும் 1949 செப்டம்பர் 8 அன்று, அரங்கேற்றத்தைக் காணாமலேயே அவர் மறைந்தார். "நான்கு இறுதிப் பாடல்கள்" என்ற தலைப்பு அவரது மறைவுக்குப் பின் பதிப்பாளரால் இடப்பட்டதாகும்.

1950 மே 22 அன்று ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் இப்பாடல்கள் அரங்கேறின. ஃபிளாக்ஸ்டாட் பாட, வில்ஹெல்ம் ஃபுர்ட்வாங்லர் பில்ஆர்மோனியா இசைக்குழுவை நடத்தினார். புதிய படைப்புக்கும் பெருங்கலைஞர்களுக்கும் ஆகும் செலவை ஈடுகட்ட மைசூர் மன்னர் 4,800 டாலர் உத்தரவாதத் தொகையை அளித்தார். நிகழ்ச்சியை ஒலிப்பதிவு செய்து தமது தொகுப்புக்காக மைசூருக்கு அனுப்ப வேண்டும் என்பது இதன் நோக்கமாகும்.

அரங்கேற்றத்தின் ஒலிப்பதிவு, குறைவான ஒலித்தரத்துடன் எனினும், இன்று வரை எஞ்சியுள்ளது. பிற்காலத்தில் அது குறுந்தட்டாகவும் வெளியானது. இருபதாம் நூற்றாண்டின் மிகவும் போற்றப்படும் பாடல் தொகுதிகளுள் ஒன்றின் முதல் நிகழ்வு இவ்வாறு கேட்கக் கிடைப்பது மைசூர் மன்னரின் விருப்பத்தோடு தொடர்புடையதாகும்.

புரவலர் பணியின் முடிவு

இலண்டனில் இப்பதிவுகள் நடைபெற்ற ஆண்டுகளில் மைசூரின் அரசியல் நிலை முற்றிலும் மாறியது. 1947 ஆகஸ்டில் மைசூர் சமத்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டும் எனக் கோரி அவ்வாண்டு செப்டம்பரில் "மைசூர் சலோ" போராட்டம் வெடித்தது. அக்டோபரில் மன்னர் கோரிக்கையை ஏற்றதைத் தொடர்ந்து கே. சி. ரெட்டி தலைமையில் மக்கள் அமைச்சரவை பதவியேற்றது. 1950 சனவரி 26 முதல் மன்னர் மைசூர் மாநிலத்தின் இராஜபிரமுகர் ஆனார்.

நாட்டின் வருவாய் இனி மக்களாட்சியின் பொறுப்பாயிற்று. மன்னருக்கு ஆண்டுக்கு 26 இலட்சம் ரூபாய் மன்னர் மானியமாக ஒதுக்கப்பட்டது. இது இந்தியாவில் மிக உயர்ந்த மானியங்களுள் ஒன்று. எனினும் அயல்நாட்டு இசைக்குழு ஒன்றின் செலவைத் தாங்கும் காலம் முடிவுக்கு வந்தது. ஒரு மன்னரின் தனிப்பட்ட விருப்பத்தால் தொடங்கிய ஆதரவு, அவரது அதிகாரம் மாறியபோது நின்றுபோனது. தென்னிந்தியாவில் சமத்தானங்களை நம்பியிருந்த கருநாடக இசைக் கலைஞர்களும் இதே மாற்றத்தை எதிர்கொண்டனர். சபாக்கள், வானொலி, திரைப்படம், அரசு அகாதமிகள் ஆகியன அவர்களுக்குப் புதிய புரவலர்களாயின.

பில்ஆர்மோனியா இசைக்குழு தனது ஒலிப்பதிவு வருவாயைக் கொண்டு தொடர்ந்து இயங்கியது. 1952இல் ஆர்ட்டூரோ தோசுகனினி இக்குழுவை நடத்தி இலண்டனில் இரு கச்சேரிகள் அளித்தார். 1964 மார்ச்சில் லெக் குழுவைக் கலைப்பதாக அறிவித்தபோது, கலைஞர்கள் ஒன்றுகூடித் தாங்களே நிருவகிக்கும் "புதிய பில்ஆர்மோனியா" குழுவை அமைத்துக்கொண்டனர். 1977இல் பழைய பெயர் மீட்கப்பட்டது. ஒரு தனிமனிதரைச் சார்ந்திருந்த அமைப்பு, அதன் கலைஞர்களுக்கே உரிய அமைப்பாக மாறியது.

கருநாடக இசைப் பணி

ஜெயச்சாமராஜேந்திரர் வெங்கடகிரியப்பாவிடம் வீணையும், மைசூர் வாசுதேவாச்சாரிடம் கருநாடக இசையின் நுட்பங்களும் பயின்றார். 1940களில் அவர் "ஸ்ரீவித்யா" என்ற முத்திரையுடன் சமசுகிருதத்தில் கீர்த்தனைகள் இயற்றத் தொடங்கினார். அவர் இயற்றிய 94 கீர்த்தனைகளும் தனித்தனி இராகங்களில் அமைந்தவை. கம்பீரநாட்டை இராகத்தில் அமைந்த "ஸ்ரீ ஜாலந்தரம்" இவற்றுள் பரவலாகப் பாடப்படுவதாகும்.

மெத்னர் பதிவுகளுக்கு அவர் பொருளுதவி செய்த ஆண்டுகளும் இக்கீர்த்தனைகள் இயற்றப்பட்ட ஆண்டுகளும் ஏறத்தாழ ஒன்றே. எனினும் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுசுரங்களைப் போல இரு மரபுகளையும் ஒரே படைப்பில் கலக்க அவர் முயலவில்லை. மேற்கத்திய இசையில் கேட்பவராகவும் புரவலராகவும், கருநாடக இசையில் படைப்பாளியாகவும் அவர் விளங்கினார்.

சென்னை மாநில ஆளுநர்

1956 முதல் 1964 வரை மைசூர் மாநில ஆளுநராக இருந்த ஜெயச்சாமராஜேந்திரர், 1964 மே மாதம் சென்னை மாநில ஆளுநராகப் பொறுப்பேற்றார். பில்ஆர்மோனியா குழுவைக் கலைக்கும் அறிவிப்பு இலண்டனில் வெளியாகி அப்போது இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. எம். பக்தவத்சலம் முதலமைச்சராக இருந்த அக்காலத்தில், 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் நிகழ்ந்தது. 1966 ஜூன் வரை அவர் சென்னை ஆளுநராகப் பதவி வகித்தார். 1971இல் அரசியலமைப்பின் 26ஆம் திருத்தத்தால் மன்னர் மானியங்கள் ஒழிக்கப்பட்டன. 1974இல் அவர் பெங்களூரில் காலமானார்.

அவரது சகோதரி விஜயா தேவி, பெங்களூரில் பன்னாட்டு இசை மற்றும் கலைக் கழகத்தை நிறுவி, இந்திய இசைக்கும் மேற்கத்திய இசைக்கும் மேடை அமைத்துக் கொடுத்தார்.

மதிப்பீடு

பிரித்தானிய இசை வரலாற்றில் அரசர்களின் ஆதரவு பெரும்பாலும் அவர்களது பெருமையைப் பறைசாற்றும் இசைக்கே கிடைத்தது. முடிசூட்டு விழாப் பாடல்களும் உலா இசையும் அவ்வகையின. மைசூர் மன்னரின் ஆதரவு இதனின்று வேறுபட்டது. அவர் செலவு செய்த படைப்புகள் எவையும் மைசூரையோ அவரையோ புகழ்வன அல்ல. மெத்னரின் காணிக்கை ஒன்றே அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது.

மறுபுறம், சமத்தான மக்கள் பொறுப்பாட்சிக்காகத் தெருவில் இறங்கிப் போராடிய அதே ஆண்டில், தொலைதூர நாட்டு இசைக்கு மன்னர் ஒருவர் பெரும்பொருள் செலவிட்டார் என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும். எந்தக் கலை வாழ வேண்டும் என்பதை ஒருவரது சுவை மட்டுமே தீர்மானிப்பது முடியாட்சிப் புரவலர் முறையின் வலிமையாகவும் குறையாகவும் இருந்தது. வேறு எவரும் முன்வராத நிலையில் மெத்னருக்கு அது வாழ்வளித்தது. அந்த ஒருவர் விலகியதும் தொடர வழியின்றிப் போனது.

இலண்டன் இசைக்குழுக்களுடன் தென்னிந்தியரின் தொடர்பு பிற்காலத்தில் வேறு வடிவம் பெற்றது. தேனி மாவட்டத்தின் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா அமைத்த "வேலியண்ட்" என்னும் சிம்பொனியை, 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் ராயல் பில்ஆர்மோனிக் இசைக்குழு அரங்கேற்றியது. மைசூர் மன்னரின் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து இலண்டனுக்குச் சென்றது பொருளுதவி. முக்கால் நூற்றாண்டுக்குப் பின் சென்றது ஓர் இசைப்படைப்பு ஆகும்.